பிள்ளை பிடிக்கிறவனுக்குப் பயம், வாய்க்காலுக்குப் பயமில்லை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் காவிரிப் பாசனப் பகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எங்கள் பள்ளிக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஒரு தார் ரோடு மட்டும்தான். ஒவ்வொரு வருடமும் பள்ளி திறந்ததும் நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் முதலில் வருகிற கேள்வி இதுதான்: "டீச்சர், வாசல்ல கேமரா இருக்கா? பிள்ளை பிடிக்கிறவங்க சுத்துறாங்கன்னு வாட்ஸப்ல வந்துச்சே." நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்தப் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளையையும் யாரும் தூக்கிக்கொண்டு போனதில்லை. இரண்டு பிள்ளைகளை வாய்க்கால் கொண்டுபோயிருக்கிறது. ஒரு பெண் குழந்தையை ரோடு கொண்டுபோயிருக்கிறது. வாய்க்காலைப் பற்றியோ ரோட்டைப் பற்றியோ கூட்டத்தில் ஒருவரும் எழுந்து கேட்டதில்லை.

கூட்டங்களில் பேசியதையும், பிறகு தனியாக வந்து கேட்டவர்களுக்குச் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எப்போதோ நடப்பதற்குத்தான் பயம் அதிகமாக வருகிறது. ஏன்?

ஓர் ஆபத்து எத்தனை தடவை நடக்கிறது என்று நம் மனம் எண்ணிப் பார்ப்பதில்லை. அப்படி நடந்தது ஏதாவது சட்டென்று ஞாபகத்துக்கு வருகிறதா என்று மட்டும் துழாவுகிறது. வந்துவிட்டால் "இது அடிக்கடி நடக்கிற விஷயம்" என்று முடிவு கட்டிவிடுகிறது. ஏமஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973-இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். சில வருடங்கள் கழித்து பால் ஸ்லோவிக்கும் அவரோடு வேலை செய்தவர்களும் அமெரிக்காவில் பலரிடம், எதில் அதிகம் பேர் சாகிறார்கள் என்று ஜோடி ஜோடியாகக் கேட்டுப் பார்த்தார்கள். சுழற்காற்றா, ஆஸ்துமாவா என்றதற்கு சுழற்காற்று என்றே பலரும் நினைத்தார்கள். உண்மையில் அங்கே ஆஸ்துமாவில் இறந்தவர்கள் சுமார் இருபது மடங்கு.

ஆஸ்துமாவில் இறப்பவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இறக்கிறார். அதை யாரும் படம் எடுத்து அனுப்புவதில்லை. நம் ஊரில் குளத்தில் மூழ்கும் பிள்ளைக்கு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நாலு வரி கிடைக்கும். கடத்தல் வதந்திக்கோ ஒரே நாளில் ஐந்து குரூப்பிலிருந்து ஐந்து தடவை செய்தி வருகிறது. மனம் ஒன்றை ஐந்தாக எண்ணிக்கொள்கிறது.

ஸ்லோவிக் 1987-இல் இன்னொன்றும் சொன்னார். ஓர் ஆபத்து நம் கட்டுப்பாட்டில் இல்லாமல், ஒரே அடியில் பலரைக் கொல்வதாக, கொடூரமானதாகத் தெரிந்தால் பயம் ஏறும். புதியதாக, கண்ணுக்குத் தெரியாததாக, புரியாததாக இருந்தாலும் ஏறும். விமான விபத்து முதல் வகை. தடுப்பூசி இரண்டாம் வகை. பைக்கும் வாய்க்காலும் இரண்டிலும் சேராது. நாம் பிறந்ததிலிருந்து பார்த்த சாமான்கள் அவை.

அகமதாபாத் விபத்துக்குப் பிறகு என் மகன் விமானத்தில் போகவே கூடாது என்று சொல்லிவிட்டேன். அது தப்பா?

தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. பெற்ற வயிறு அப்படித்தான் சொல்லும். ஆனால் அந்த நாளைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

2025 ஜூன் 12. மதியம் அகமதாபாத்தில் விமானம் விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டும் பிழைத்தார். தரையில் இறந்தவர்களையும் சேர்த்து 260 உயிர்கள். அதே ஜூன் 12-ஆம் தேதிதான் மேட்டூர் அணை திறந்தார்கள். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும், பிறகு எங்கள் வாய்க்காலுக்கும் வந்துவிடும். அந்த வாரம் முழுக்க ஊரில் எல்லார் வீட்டு டிவியிலும் விமானம்தான். பிள்ளைகள் மட்டும் மதகில் இருந்தார்கள், குதித்துக்கொண்டு.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஒரு நாளைக்கு 460 பேருக்கு மேல். அதாவது அந்த விமானம் கொண்டுபோன அத்தனை உயிர்களை நம் சாலைகள் பதினாலு மணி நேரத்துக்குள் கொண்டுபோகின்றன. மறுநாளும் அதே. ஆனால் அந்த 460 பேர் ஒரே இடத்தில் சாவதில்லை. உளுந்தூர்பேட்டையில் ஒருவர், பெருந்துறையில் இருவர் என்று சிதறிச் சாகிறார்கள். சிதறிக் கிடப்பதால் செய்தியாவதில்லை.

உங்கள் மகன் விமானத்தை விட்டுவிட்டு இரவு காரில் போனால் அவனுக்கு ஆபத்து கூடுகிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் ஏராளமானோர் விமானத்தை விட்டுக் காருக்கு மாறினார்கள். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் வழக்கத்தைவிடச் சுமார் 1,500 பேர் கூடுதலாகச் சாலையில் இறந்ததாக ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் கணக்கிட்டார். அவர்கள் பயந்து போய்ச் சேர்ந்த இடம்தான் அவர்களுக்கு ஆபத்தான இடமாக இருந்தது.

தினமும் ரோட்டில் போகிறோம், ஒன்றும் ஆகவில்லையே?

இந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது.

போன வருடக் கூட்டத்தில் கேமரா வேண்டும் என்று ஓர் அப்பா மிகவும் வருத்தத்தோடு பேசினார். பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருப்பவர், எனக்கு நன்றாகத் தெரியும். கூட்டம் முடிந்து வாசலுக்கு வந்தேன். சின்னவள் பைக்கின் முன்னால் பெட்ரோல் டேங்கில், பெரியவன் பின்னால், அவனுக்கும் பின்னால் அம்மா, மடியில் புத்தகப் பை. ஹெல்மெட் பக்கவாட்டுக் கண்ணாடியில் மாட்டியிருந்தது. "தலையில் போடுங்க தம்பி" என்றேன். "இந்தா, தெருமுனை வரைக்கும்தானே டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே கிளம்பினார்.

அவர் அப்படி ஆயிரம் தடவை போயிருப்பார். ஒவ்வொரு தடவையும் பத்திரமாக வீடு சேர்ந்திருப்பார். ஒவ்வொரு பத்திரமான பயணமும் "ஹெல்மெட் தேவையில்லை" என்று ஒரு பாடம் நடத்திவிடுகிறது. அனுபவம் நல்ல வாத்தியார் என்போம். இந்த ஒரு விஷயத்தில் அனுபவத்தைப் போலப் பொய் சொல்லும் வாத்தியார் கிடையாது.

கணக்காகப் பாருங்கள். 2022-இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர். மக்கள்தொகை சுமார் 7.7 கோடி என்று வைத்தால், ஒரு வருடத்தில் 4,300 பேருக்கு ஒருவர். "அவ்வளவுதானா" என்று தோன்றும். இதே நிலை ஐம்பது வருடம் நீடித்தால் ஏறக்குறைய 86 பேருக்கு ஒருவர். ஒரு கல்யாண மண்டபத்தில் ஐந்நூறு பேர் வந்திருந்தால், அவர்களில் ஐந்தாறு பேர் ரோட்டில் போவார்கள். ஒரு பயணத்தின் ஆபத்து கடுகளவு. நாம் கடுகை ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம், மூட்டையைப் பார்ப்பதில்லை.

கையில் ஹேண்டில்பார் இருப்பதும் ஒரு காரணம். தானாக விரும்பி எடுக்கும் ஆபத்தை, பிறர் தலையில் கட்டும் ஆபத்தைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு வரை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று சான்சி ஸ்டார் என்ற பொறியாளர் 1969-லேயே எழுதினார். வண்டியை நாம் ஓட்டுகிறோம், அதனால் நமக்கு ஆகாது என்று நினைப்பு. எதிரே வரும் லாரியையும் நாமா ஓட்டுகிறோம்?

2022-இல் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் காட்டியது 50,029 பேரை. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையான குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று சட்ட விதியே இருக்கிறது. 2023 பிப்ரவரியிலிருந்து அமலில் உள்ளது. எங்கள் பள்ளி வாசலில் அப்படி ஒரு குழந்தையை இன்னும் நான் பார்க்கவில்லை.

பிள்ளை கடத்தல் செய்தி பொய்யாகவே இருக்கட்டும். ஜாக்கிரதையாக இருப்பதில் என்ன நஷ்டம்?

நஷ்டம் இருக்கிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்குப் பக்கத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போக சென்னையிலிருந்து வந்த 65 வயது அம்மா ஒருவர் வழியில் நின்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவள் என்று ஊர் கூடி அடித்ததில் அவர் இறந்துபோனார். கூட வந்த உறவினர்களும் அடிபட்டார்கள். அந்த வாரங்களில் வாட்ஸப்பில் சுற்றிய வீடியோக்களை நம்பித்தான் அத்தனையும் நடந்தது. நாடு முழுக்க இப்படிக் கொலைகள் நடந்த பிறகு, வந்த ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்துக்கு மேற்பட்ட ஆட்களுக்கோ குரூப்களுக்கோ அனுப்ப முடியாதபடி வாட்ஸப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

அடித்தவர்கள் கொலைகாரர்களாகப் பிறந்தவர்கள் இல்லை. அவர்களும் அப்பா, அம்மா, சித்தப்பாக்கள். பயத்தில் அடித்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்போமே, அந்தப் பேய் அன்றைக்குக் கோயிலுக்குப் போக வந்த ஒரு பாட்டியின் உருவத்தில் தெரிந்தது. அந்த அம்மாவை நினைக்காமல் என்னால் அந்த மாதிரிச் செய்தி ஒன்றைக்கூடப் பார்க்க முடிவதில்லை.

ஆனால் போலீஸ் கணக்கிலேயே ஆயிரக்கணக்கில் கடத்தல் வழக்குகள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. காணாமல் போகும் எந்தக் குழந்தையையும் கடத்தப்பட்டதாகவே கருதி வழக்குப் பதிய வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. அதனால் கோபித்துக்கொண்டு போன பிள்ளை, காதலித்து வீட்டை விட்டுப் போன பதினேழு வயதுப் பெண் எல்லாம் அந்தக் கணக்கில் வருவார்கள். வேனில் வந்து மயக்க மருந்து தெளித்துத் தூக்குகிற ஆள், அந்தக் கணக்கில் மிக மிகச் சொற்பம்.

இதைவிட முக்கியமானது ஒன்று, கசப்பாக இருந்தாலும் சொல்ல வேண்டும். குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளில், நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குற்றம் செய்தவர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கைகள் வருடா வருடம் காட்டுகின்றன. உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், பழகியவர். "தெரியாதவங்க கொடுத்தா வாங்காதே" என்று மட்டும் சொல்லி வளர்த்த பிள்ளைக்கு, தெரிந்த மாமா தப்பாகத் தொட்டால் என்ன செய்வதென்று நாம் சொல்லித் தரவே இல்லை. "யாரா இருந்தாலும் உனக்குப் பிடிக்கலன்னா அம்மாகிட்ட வந்து சொல்லு, உன்னத் திட்ட மாட்டேன்" என்று இன்று ராத்திரியே சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் சொல்லிக் கொடுங்கள்.

ஆழ்துளைக் கிணறு சம்பவத்துக்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் எல்லாக் குழியையும் மூடிவிட்டோம். போதாதா?

மூடியது மிக நல்லது. 2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. தீபாவளி நேரம். தமிழ்நாடே பட்டாசை மறந்து நாலு நாள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. நானும் உட்கார்ந்திருந்தேன். 29-ஆம் தேதி விடியுமுன் உயிரில்லாத உடலைத்தான் எடுத்தார்கள்.

அந்த மீட்புப் பணியை டிவியில் பார்த்துக்கொண்டிருந்த தூத்துக்குடி வீடு ஒன்றில், அதே இரண்டு வயதுள்ள ஒரு பெண் குழந்தை குளியலறைக்குள் போய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்துபோனது. அப்பாவும் அம்மாவும் அடுத்த அறையில் இருந்தார்கள். இதை எழுதும்போது கை நடுங்குகிறது. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை. அன்றைக்கு என் வீட்டிலும் குளியலறைக் கதவு திறந்துதான் கிடந்தது, பக்கெட் நிறையத் தண்ணீரும் இருந்தது.

தவழும், தத்தி நடக்கும் குழந்தைக்கு உடம்பில் கனமான பாகம் தலை. பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் அதனால் தன்னைத் தூக்கிக்கொள்ள முடியாது. சத்தமும் வராது. கத்துவதற்கு மூச்சு வேண்டுமே. ஆழ்துளைக் கிணறு எல்லார் வீட்டிலும் இல்லை, பக்கெட் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. உபயோகித்ததும் கவிழ்த்து வையுங்கள். தொட்டிக்கு மூடி போடுங்கள், குளியலறைத் தாழ்ப்பாளை மேலே மாற்றுங்கள். ஒரு மணி நேர வேலை.

அப்படியானால் பெரிய விபத்துகளுக்குப் பயப்படுவதே வீண் என்கிறீர்களா?

இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் கீற்றுக் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். நான் இன்று பாடம் நடத்தும் வகுப்பறைக்கு மேலே கான்கிரீட் இருப்பதற்கு அந்தக் குழந்தைகளும் ஒரு காரணம். விமானம் இவ்வளவு பத்திரமாக இருப்பதற்கும், ஒவ்வொரு விபத்தையும் குடைந்து குடைந்து ஆராய்ந்ததுதான் காரணம். பயம் ஒரு விதியாக, ஒரு வேலையாக மாறினால் உயிர் காக்கிறது. ஆறு மாதம் வாட்ஸப்பில் சுற்றிவிட்டு அடங்கினால் ஒன்றும் மிஞ்சாது. வாய்க்காலில் போகும் பிள்ளைகளும் ஒரே நாளில் ஒரே இடத்தில் போயிருந்தால், இந்நேரம் ஒவ்வொரு மதகிலும் வேலி வந்திருக்கும்.

வயல் வேலைக்குப் போகிறோம். பாம்புக்குப் பயப்படுவதும் தேவையில்லாததா?

அந்தப் பயம் நூறு சதவீதம் நியாயம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். பெரும்பாலும் கிராமத்துக்காரர்கள். பயம் சரியான இடத்தில் இருக்கிறது, ஆனால் அது போகும் திசை சரியில்லை. எலி தின்னும் சாரைப்பாம்பைத் தெருவே திரண்டு அடித்துக் கொல்கிறோம். ராத்திரி டார்ச் இல்லாமல், செருப்பு இல்லாமல் மடை மாற்றப் போகிறோம். கட்டுவிரியன் தரையில் படுத்துத் தூங்குகிறவரைக் கடிக்கும், பல சமயம் வலியே தெரியாது. கட்டில், இல்லாவிட்டால் பாயின் அடியில் நன்றாகச் செருகிய கொசுவலை போதும். கடித்தால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மந்திரிக்கப் போகாமல் நேரே அரசு ஆஸ்பத்திரி.

தடுப்பூசி போட்டு ஏதாவது ஆகிவிட்டால்?

2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டபோது இதே வாட்ஸப் பயம் எங்கள் பள்ளியிலும் வந்தது. நாம் செய்து ஒரு கெடுதல் வந்தால் காலமெல்லாம் குத்தும்; செய்யாமல் விட்டு வந்தால் விதி என்போம். அதனால்தான் ஊசிக்குப் பயம், அம்மைக்குப் பயமில்லை. சந்தேகத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், குரூப்பில் கேட்காதீர்கள்.

ஒரு செய்தி வந்தால் பயப்படலாமா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்வது?

நான் என்னையே கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். இது நமக்குத் தெரிந்த நூறு குடும்பங்களில் எத்தனை குடும்பத்துக்கு நடந்திருக்கிறது? டிவியை விட்டுவிடுங்கள். உறவு, தெரு, வேலை செய்யும் இடம் என்று எண்ணுங்கள். சர்க்கரை, மாரடைப்பு, பைக், தண்ணீர் என்றுதான் பட்டியல் வரும். 2023-இல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி. அதற்காக யாரும் கூட்டம் கூட்டியதில்லை.

வாய்க்காலுக்குப் போகாதே என்று சொன்னால் கேட்பதில்லை. என்ன செய்வது?

கேட்க மாட்டார்கள். கோடை கொளுத்தும்போது தண்ணீர் கூப்பிடும்.

எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். சனிக்கிழமை தோறும் மதகுக்குக் கீழே சைக்கிள் கழுவுவான். அந்த இடம் அவனுக்கு வீட்டுக் கொல்லை மாதிரி. அந்தக் கோடையில் யாரோ அங்கே மணல் அள்ளியிருந்தார்கள். புதுத் தண்ணீர் வந்ததும் குழி தெரியவில்லை. சைக்கிள் கரையில் ஸ்டாண்டு போட்டு நின்றது, பாதி கழுவி, பின் சக்கரத்தில் மட்டும் சேறு. குழி இருப்பது நாலைந்து பெரியவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஒரு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்ட யாருக்கும் தோன்றவில்லை.

உலகம் முழுக்க 2021-இல் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதில் கிட்டத்தட்டக் கால்வாசி ஐந்து வயதுகூட ஆகாத குழந்தைகள். சின்னக் குழந்தைகளைப் பொறுப்பான ஒருவர் கண்ணில் வைத்திருப்பது, பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத் தருவது, நீர்நிலைக்கு வேலி போடுவது என்று அது சொல்லும் வழிகளில் எதுவும் நமக்கு எட்டாததில்லை. மாவட்ட விளையாட்டு அரங்குகளில் நீச்சல் குளம் இருந்தால் கோடை வகுப்பு நடக்கும், விசாரியுங்கள். பெண் பிள்ளையையும் சேர்த்து அனுப்புங்கள்.

நீச்சல் தெரிந்தவனும் நண்பனைக் காப்பாற்றக் குதித்துத்தான் சாகிறான். ஒருவன் மூழ்கும்போது மூன்று பேர் சாவது அப்படித்தான். எங்கள் வகுப்பில் இதை மனப்பாடமாகச் சொல்ல வைத்திருக்கிறேன்: "குதிக்காதே, கத்து, எறி." வேட்டி, துப்பட்டா, கயிறு, மூடிய காலி பிளாஸ்டிக் குடம், எது கையில் கிடைத்தாலும் எறிய வேண்டும்.

தூக்கி எடுத்த பிள்ளையைத் தலைக்கு மேல் வைத்துச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். இந்த வருடப் பெற்றோர் கூட்டத்தில் இதைப் பொம்மை வைத்துச் செய்து காட்ட ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார். சேலையைச் செருகிக்கொண்டு தரையில் மண்டி போட வேண்டியிருக்கும். பாட்டிமார்களும் வாருங்கள், பகலில் பிள்ளைகளோடு இருப்பது நீங்கள்தான்.